கூரை இல்லாத ரூட்: எதில் அடிப்பது, எதில் கணக்குப் போடுவது?

தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் டியூஷன் எடுக்கிறவர்கள் பலருடைய கணக்குத் தாள் என் கையில்தான் டைப் ஆகும். போன அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஒரு டீச்சர் ஒன்பதாம் வகுப்புத் தாளைக் கையால் எழுதி வாட்ஸப்பில் ஃபோட்டோவாக அனுப்பினார். மூன்றாவது கேள்வி, 16 + 9 முழுவதற்கும் ரூட். அவர் போட்ட ரூட்டின் மேல்கோடு 16-இல் தொடங்கி 9-இன் தலையைத் தாண்டிப் போயிருந்தது. நான் அவசரத்தில் √16 + 9 என்று அடித்து, அறுபது காப்பி எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் வந்தார். பிள்ளைகளில் சிலர் 5 என்று எழுதியிருக்கிறார்கள், சிலர் 13. விடைக்குறிப்பில் 5. மார்க் போன பிள்ளையின் அம்மா வீட்டுக்கே வந்து கேட்டிருக்கிறார். என் மேல்தான் தப்பு, ஒப்புக்கொண்டேன். கூரையைப் பிய்த்துப் போட்டது நான்தான்.

"இரும்மா, எது சரின்னு இதுலயே பாத்துடலாம்" என்று டீச்சர் என் மேஜையில் கிடந்த பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரை எடுத்தார். 16, பிளஸ், 9, ரூட், சமம். வந்தது 19. இருவருமே முழித்தோம். ஜெராக்ஸுக்காக நின்றிருந்த பாலிடெக்னிக் பையன் பையைத் திறந்து தன் சயின்டிஃபிக் கால்குலேட்டரை எடுத்தான். ரூட், 16, பிளஸ், 9, சமம். 13. "குட்றா, என்னுதுல பாக்கலாம்" என்று அவன் கூட்டாளி தன்னுடையதில் அதே பட்டன்களை அதே வரிசையில் அழுத்தினான். 5. நான் என் பங்குக்கு மேஜைக் கால்குலேட்டரில் அவர்கள் மாதிரியே ரூட்டை முதலில் அழுத்திப் பார்த்தேன். 25.

ஒரே கணக்குக்கு நாலு விடை. மூணு மெஷினில் எதுவும் பழுதில்லை. அன்றிலிருந்து யாராவது "அக்கா, எந்த கால்குலேட்டர் வாங்கலாம்", "ரூட்டை எப்படி டைப் பண்றது" என்று கேட்டால், எல்லா வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். ரூட்டின் கூரை எங்கே முடிகிறது என்று அந்த மெஷினுக்கு எப்படித் தெரிகிறது?

இந்தக் கூரையும் குறியும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. √ என்ற குறியை முதன்முதலில் அச்சில் போட்டவர் கிறிஸ்டோஃப் ருடோல்ஃப் என்ற ஜெர்மானியர், 1525-இல். அதில் மேல்கோடு கிடையாது. 1637-இல் தெக்கார்த்துதான் குறியையும் மேல்கோட்டையும் ஒட்டவைத்தார். கீபோர்டில் நாம் அடிக்கும் √ இன்னும் ருடோல்ஃப் காலத்துக் குறிதான், வெறும் டிக் மார்க் மாதிரி. தெக்கார்த்து போட்ட கூரை வேண்டும் என்றால் தனியாக உழைக்க வேண்டும்.

அடிக்கிற கதை

√2, √3, √5 என்று ஒற்றை எண்ணாக இருந்தால் குறி மட்டும் போதும், கூரை இல்லாவிட்டாலும் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள். இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கீபோர்டு இருந்தால் எண்கள் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு குறியீட்டுப் பக்கத்துக்குப் போங்கள், √ குறி π-க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், ஆப்ஷன் பட்டனோடு வி எழுத்து. விண்டோஸில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலதுபக்க நம்பர் பேடில் 251 அடித்து விட வேண்டும். நம் ஊரில் பலர் வைத்திருக்கும் சின்ன லேப்டாப்பில் நம்பர் பேடே இருக்காது. மேல் வரிசை எண்களில் 251 அடித்தால் ஒன்றும் நடக்காது. "யூடியூப்ல சொன்னபடிதான்க்கா பண்ணேன், வரல" என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த லேப்டாப் ஆட்கள்தான். இன்னும் சிலர் நம்லாக்கை அணைத்து வைத்திருப்பார்கள்.

வேர்டில் இன்னொரு வழி உண்டு. யூனிகோடு பட்டியலில் √ குறியின் எண் 221-ம் அதையொட்டி ஏ என்ற ஆங்கில எழுத்தும். அதை அப்படியே அடித்துவிட்டு ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தினால் √ ஆக மாறும். தமிழில் டைப் அடிக்கிறவர்களுக்கு இதில் ஒரு குழி இருக்கிறது. தமிழ்99 கீபோர்டில் இருந்துகொண்டே அந்த ஏ-யை அடித்தால் அங்கே அ விழும். திரையில் 221அ. சரி பார்க்காமல் ஆல்ட் எக்ஸ் அழுத்தினால், வேர்டு அந்த அ-வைப் பிடித்து அதன் யூனிகோடு எண்ணாக மாற்றிவிடும். √ வர வேண்டிய இடத்தில் பூஜ்யமும் பியும் 85-ம் ஒட்டிக்கொண்டு ஒரு நீள வால் நிற்கும். முதல் தடவை எனக்கு இது வந்தபோது வைரஸ் என்று நினைத்துக் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

இப்போது நான் செய்வது, வேர்டின் தானியங்கித் திருத்தப் பட்டியலில் 'வமூ' (வர்க்கமூலம்) என்று அடித்தால் √ வரும்படி ஒரு முறை சொல்லி வைத்துவிட்டேன். தமிழ் கீபோர்டை விட்டு வெளியே வரவே வேண்டாம். போனிலும் கீபோர்டின் சொந்த அகராதியில் இதே குறுக்குவழியைச் சேர்க்கலாம். கனமூலத்துக்குத் தனிக் குறி இருக்கிறது, ∛. அதற்கு 'கமூ'. வாரத்துக்கு இருபது தாள் அடிக்கிறவர்களுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது என்று அடித்துச் சொல்வேன்.

கூரை வேண்டிய இடத்தில் என்ன செய்வது? மிக மலிவான கூரை அடைப்புக்குறி. √(16 + 9) என்று போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. வாட்ஸப், மெயில், போன் மெசேஜ், எங்கே போனாலும் உடையாது. டீச்சர்களுக்கு மட்டும் இது பிடிக்காது. பாடப்புத்தகத்தில் கோடு போட்டுத்தானே இருக்கிறது, பிள்ளைகள் குழம்புவார்கள் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விகிதமுறா மூலங்கள் (√2 மாதிரி, பின்னமாக எழுத முடியாத ரூட்கள்) பாடத்தில் ரூட்டுக்குள் பின்னம், பின்னத்துக்குள் ரூட் என்று வரும்போது அடைப்புக்குறி போட்டால் பார்க்கவே கண்ணைக் கட்டும்.

நான் தொழில் கற்றுக்கொண்ட கடையில் எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில்தான். 2001-இல் வந்த ஏழாம் பதிப்புதான் அதன் கடைசிப் பதிப்பு, ஆனாலும் இந்தப் பக்கத்து அச்சகங்களில் அதற்கப்புறமும் பல வருஷம் அது ஓடியது. அதில் ரூட் போடுவது ஒரு கைவேலை. சிம்பல் என்ற ஃபாண்டில் டிக் மார்க்கை எடுப்போம், கோடு போடும் டூலை எடுத்து அதன் நுனியிலிருந்து கூரையை இழுப்போம். அச்சில் பார்த்தால் அச்சு அசல் புத்தகம் மாதிரியே இருக்கும். ஆனால் அந்தக் கோட்டுக்கும் எழுத்துக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. டீச்சர் புரூஃப் பார்த்து மேலே ஒரு வரி சேர்க்கச் சொன்னால், எழுத்தெல்லாம் ஒரு வரி கீழே இறங்கும், கூரை மட்டும் பழைய இடத்தில் அந்தரத்தில் தொங்கும். புயல் அடித்த மறுநாள் மாதிரி பக்கம் முழுக்கக் கூரையாகக் கிடக்கும்.

இந்த சிம்பல் ஃபாண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பழைய வினாத்தாள் கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு உதவும். அந்த ஃபாண்டில் √ உட்கார்ந்திருக்கும் இடம் 214. சாதாரண ஆங்கில ஃபாண்டில் அதே 214-ஆம் இடத்தில் இருப்பது, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ஓ. அதனால் கோப்பை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், முழுப் பக்கத்தையும் தேர்வு செய்து ஃபாண்டை மாற்றினால், எல்லா ரூட்டும் புள்ளி வைத்த ஓ ஆகிவிடும். பாமினி மாதிரிப் பழைய தமிழ் ஃபாண்டுக்கு மாற்றினால் வேறு ஏதாவது உருவம் வரும். நம்மாட்கள் வைரஸ் என்பார்கள். வைரஸ் இல்லை, வீட்டு நம்பர் ஒன்றுதான், தெருதான் வேறு. அந்த ஓ-க்களை மட்டும் தேடி யூனிகோடு √ ஆக மாற்றினால் கோப்பு பிழைத்துவிடும்.

இப்போது கூரையோடு ரூட் வேண்டும் என்றால் என் தேர்வு வேர்டில் இருக்கும் சமன்பாட்டு வசதிதான். ஆல்ட்டோடு சமக்குறி அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதில் பின்சாய்கோடு போட்டு எஸ், க்யூ, ஆர், டி என்று நாலு எழுத்து அடித்து, அடைப்புக்குள் 16+9 எழுதி ஸ்பேஸ் தட்டினால் கூரை தானாக நீண்டு 9-ஐ மூடும். உள்ளே பத்து உறுப்பு சேர்த்தாலும் கூடவே நீளும். பின்னம் வந்தால் உயரமும் வளரும். மவுசைத் தொடவே வேண்டாம். முதல் ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் பேஜ்மேக்கரில் ஒரு கூரை இழுக்கிற நேரத்தில் இங்கே ஐந்து கேள்வி முடிந்துவிடும்.

இதிலும் குறை உண்டு. சமன்பாட்டுப் பெட்டி உள்ள கோப்பை வாட்ஸப்பில் அனுப்பி, டீச்சர் போனில் ஏதோ ஒரு ஆப்பில் திறந்தால் ரூட் சிதைந்தோ காணாமலோ போகலாம். அதனால் புரூஃபை எப்போதும் பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்புவேன். இன்னொன்று, வேர்டின் பழைய சமன்பாட்டு எடிட்டர் 3.0-ஐப் பாதுகாப்புக் கோளாறு காரணமாக மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதில் அடித்த பழைய தாள்களைத் திறந்து பார்க்கலாம், அச்செடுக்கலாம், ஆனால் ரூட்டுக்குள் இருக்கும் 16-ஐ 25 ஆக்க முடியாது. மறுபடி அடிக்க வேண்டியதுதான். ரூட்டைப் படமாக ஒட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான், கூடவே ஜெராக்ஸில் மங்கலாகவும் விழும்.

லேடெக் என்று ஒரு அச்சுக்கோக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது, இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் அதில் அடித்த புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வருவார்கள். அழகு என்று பார்த்தால் அதற்கு ஈடு இல்லை. நாற்பது ஐம்பது சமன்பாடு உள்ள ரிப்போர்ட் என்றால் கற்றுக்கொள்வது லாபம். ஆனால் தமிழில் எழுத அதன் சாதாரண வடிவம் சரிப்படாது, ஸீலேடெக், லுவாலேடெக் என்று வேறு வகைகளுக்குப் போக வேண்டும். காலையில் கொடுத்து மத்தியானம் அறுபது காப்பி கேட்கிற டீச்சருக்கு இது ஒத்துவராது. லிப்ரே ஆஃபிஸிலும் கூகுள் டாக்ஸிலும் சமன்பாடு போடலாம், காசு கிடையாது, ஒரு பக்கத் தாளுக்கு இரண்டும் போதும்.

கணக்குப் போடுகிற கதை

அந்த நாலு விடைக்குத் திரும்புகிறேன்.

மேஜைக் கால்குலேட்டர், அதாவது மளிகைக் கடையிலும் காசிமேட்டு ஏலத்திலும் பாங்க்கிலும் பார்க்கிற பெரிய பட்டன் வகை, முன்யோசனை இல்லாதது. ரூட் பட்டனை அழுத்திய நொடியில் திரையில் என்ன எண் நிற்கிறதோ அதற்கு மட்டும் ரூட் எடுக்கும். டீச்சர் 16 பிளஸ் 9 அடித்து ரூட் தட்டியபோது திரையில் நின்றது 9. அதன் ரூட் 3. பதினாறும் மூணும் பத்தொன்பது. நான் முதலிலேயே ரூட் தட்டியபோது திரையில் பூஜ்யம், அதன் ரூட்டும் பூஜ்யம், அதற்கப்புறம் நான் போட்டது வெறும் கூட்டல், 25. சரியான வரிசை 16, பிளஸ், 9, சமம், கடைசியில் ரூட். இதற்குக் கூரை என்ற யோசனையே கிடையாது. எண் முதலில், ரூட் பின்னால், அவ்வளவுதான்.

பாலிடெக்னிக் பையன் வைத்திருந்தது கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ். இதில் ரூட் முன்னால், எண் பின்னால். ஒட்டியிருக்கும் எண்ணுக்கு மட்டும் ரூட் எடுக்கும், அதனால் 4-ம் 9-ம் 13. முழுவதற்கும் வேண்டும் என்றால் அடைப்புக்குறி போட வேண்டும். அவன் கூட்டாளி வைத்திருந்தது 991இஎஸ் பிளஸ், பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே திரையில் காட்டும் வகை. அதில் ரூட்டை அழுத்தினால் கூரையோடு வரும், கர்சர் கூரைக்குக் கீழே நிற்கும். வலது அம்பை அழுத்தி நீங்களாக வெளியே வரும்வரை அடிக்கிற எல்லாம் கூரைக்குள்ளேதான். அதனால் 5.

எது நல்லது? ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளைக்கும் அதற்கு மேல் படிக்கிறவர்களுக்கும் நான் கூரை காட்டும் வகையைத்தான் சொல்வேன். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஆனாலும். அழுத்தியது தப்பா சரியா என்று திரையைப் பார்த்தாலே தெரிகிறது, அதற்காகவே கொடுக்கலாம். √8 அடித்தால் 2√2 என்று காட்டும், தசமத்தில் வேண்டும் என்றால் எஸ்-டி பட்டனைத் தட்டினால் 2.828427125. விகிதமுறா மூலங்கள் வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்க அது ஒரு வாத்தியார் மாதிரி. வாங்கும்போது 991 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 991எம்எஸ் என்றும் ஒன்று விற்கிறது, அது கூரை காட்டாது. கடைசி எழுத்துகளைப் பாருங்கள், எம்எஸ்ஸா இஎஸ்ஸா என்று. பர்மா பஜார் பக்கம் பாதி விலையில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு வந்து, மூணு மாசத்தில் ரூட் பட்டன் அழுந்தாமல் போய் என்னிடம் காட்டியவர்கள் உண்டு.

ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் எந்தக் கால்குலேட்டரும் கொண்டுபோக முடியாது. அங்கே நீள்வகுத்தல் முறைதான். அதனால் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள், கையால் போட்டுவிட்டுச் சரிபார்க்க மட்டும் என்று கண்டிஷன் போட்டுக் கொடுங்கள். கையால் போடுவதில் இன்னொரு குறுக்குவழி, ஒரு கிரவுண்டை வைத்துச் சொல்கிறேன். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. அது சரிசதுரமாக இருந்தால் பக்கம் எத்தனை அடி? 49 என்று ஊகியுங்கள். 2400-ஐ 49-ஆல் வகுத்தால் 48.9796. இரண்டுக்கும் சராசரி 48.9898. உண்மையான விடை 48.98979. ஒரே சுற்றில் இத்தனை நெருக்கம். முதல் நூற்றாண்டு அலெக்ஸாந்திரியாவின் ஹீரோன் பெயரில் வழங்கும் முறை இது. ரூட் பட்டன் உடைந்த கால்குலேட்டரிலும் வேலை செய்யும்.

கொருக்குப்பேட்டை மேஸ்திரி ஒருவர் எஸ்டிமேட் அடிக்க வருவார். அறை மூலைமட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை அளவு வேண்டும். அறை 11 அடி 3 இன்ச், 9 அடி 6 இன்ச். இவருக்கு நான் மேஜைக் கால்குலேட்டரைத்தான் சொல்வேன், சாந்து கையோடு சின்னப் பட்டனெல்லாம் தேட முடியாது. அதன் மெமரி பட்டன் இந்தக் கணக்குக்கென்றே செய்தது போல இருக்கும். 11.25 பெருக்கல் 11.25, எம் பிளஸ். 9.5 பெருக்கல் 9.5, எம் பிளஸ். எம்ஆர் தட்டினால் 216.8125. ரூட். 14.7245 என்று தொடங்கி நீளமாக வரும். இங்கேதான் அவர் சறுக்குவார். 11 அடி 3 இன்ச்சை 11.3 என்று போடுவார், 14.72-ஐ 14 அடி 7 இன்ச் என்று படிப்பார். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால்தான் இன்ச், 8.69. ஆக 14 அடி, எட்டே முக்கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி. "இன்னாமா, ரூட்டு சரியா போட்டாலும் இன்ச்சுல வுட்டுட்டேன்" என்று சிரித்தார். எந்தக் கால்குலேட்டர் வாங்கினாலும் இந்தச் சறுக்கலைத் தடுக்காது.

அவரே இன்னொரு நாள் ஆறாயிரம் லிட்டர் சம்ப்புக்கு எத்தனை ஆழம் என்று கேட்டார், எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வேண்டுமாம். ஆறு கன மீட்டருக்குக் கனமூலம். மேஜைக் கால்குலேட்டரில் கனமூலப் பட்டன் கிடையாது, ஆனால் ரூட் பட்டனை வைத்தே எடுக்கலாம். ஒரு ஊகம் போடுங்கள், 2 என்று வைப்போம். அதை 6-ஆல் பெருக்கி, சமம் தட்டி, ரூட்டை இரண்டு முறை தட்டுங்கள், 1.861. மறுபடி 6-ஆல் பெருக்கி, சமம், இரண்டு ரூட், 1.828. ஐந்தாவது சுற்றில் 1.817-க்கு வந்துவிடும். அடியில் 5.96, அதாவது ஆறடிக்குச் சற்றுக் கம்மி. மேஸ்திரி "ஆறுக்கு ஆறுக்கு ஆறு, நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

மேஜைக் கால்குலேட்டரில் ஒரு சின்ன வேடிக்கை. 2-க்கு ரூட் எடுங்கள், பன்னிரண்டு இலக்கத்தில் 1.41421356237. அதை அதாலேயே பெருக்குங்கள். 2 வராது, 1.99999999999 வரும். மீதி இலக்கத்தை அது வெட்டிப் போட்டுவிடுகிறது. கடன் கணக்குக்கோ கட்டடத்துக்கோ இதனால் ஒரு பாதகமும் இல்லை. கம்ப்யூட்டரும் இந்த விஷயத்தில் யோக்கியமில்லை. விண்டோஸ் கால்குலேட்டரில் ரொம்ப காலம் √4 எடுத்தால் உள்ளுக்குள் 1.9999 என்று நீளும் எண்தான் வரும், திரையில் மட்டும் 2 என்று காட்டும். அதிலிருந்து 2-ஐக் கழித்தால் பூஜ்யத்துக்குப் பதிலாக ஒரு பொடி மைனஸ் எண் வந்து நிற்கும். 2018-இல்தான் சரிசெய்தார்கள். இப்போது அதை நம்பலாம். அதில் ஆங்கில கீபோர்டில் ஷிஃப்டோடு 2 தட்டினால் ரூட் விழும், மவுசைத் தேட வேண்டாம்.

போன் கால்குலேட்டர் எப்போதும் பையில் இருக்கிறது, அதுதான் அதன் ஒரே பெருமை. ஆண்ட்ராய்டில் கூகுளின் கால்குலேட்டரில் ரூட் முன்னால், முழுவதற்கும் வேண்டுமென்றால் அடைப்பு. பழைய ஐபோன்களில் போனைப் படுக்கையாகத் திருப்பினால்தான் ரூட் தெரியும், அதுவும் எண்ணுக்குப் பின்னால் அழுத்த வேண்டும். தங்கச்சி போனில் ஒரு பழக்கம், நம் போனில் ஒரு பழக்கம் என்று இருப்பதால், அடுத்தவர் போனில் ரூட் போடுவதை நான் விட்டுவிட்டேன்.

வரிசை வரிசையாக ஐம்பது எண்ணுக்கு ரூட் வேண்டும் என்றால் எக்செல் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். சமக்குறி, எஸ்க்யூஆர்டி, அடைப்புக்குள் எண் இருக்கும் கட்டம், கீழே இழுத்தால் முடிந்தது. அடைப்பு கட்டாயம் என்பதால் கூரைச் சண்டைக்கே இடமில்லை. இரண்டு இடத்தில் கவனம். நாலெழுத்தை அடிக்கும்போதே கீழே ஒரு பட்டியல் விழும், அதில் இதற்கு அடுத்து, பின்னால் பிஐ சேர்ந்த ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எண்ணை π-யால் பெருக்கிவிட்டு ரூட் எடுக்கும். இன்னொன்று, தொப்பிக்குறி போட்டு ^1/2 என்று எழுதுகிறவர்கள். எக்செல் முதலில் ^1 போடும், அப்புறம்தான் இரண்டால் வகுக்கும். (16+9)^1/2 என்றால் 12.5. ஆக, அந்த டீச்சரின் கணக்குக்கு ஐந்தாவது விடை. (1/2) என்று அடைத்தோ 0.5 என்றோ போட்டால் 5 வரும்.

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை. பைத்தானில் அடைக்காமல் 1/2 எழுதினால் எக்செல் மாதிரியே பாதியாக்கும். சி++-இல் அடைத்து எழுதினாலும் தப்பும், அங்கே முழு எண்கள் இரண்டை வகுத்தால் பின்னம் போய்விடும், 1/2 என்பது பூஜ்யம், எந்த எண்ணின் பூஜ்ய அடுக்கும் 1. இரண்டிலும் ரூட்டுக்கென்றே இருக்கும் அந்த நாலெழுத்துச் செயல்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

டீச்சருக்கு அறுபது காப்பி மறுபடி எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. இப்போதெல்லாம் அவர் கையெழுத்துப் பிரதியில் ரூட்டின் கூரையை மட்டும் சிவப்பு மையில் இழுத்து, முடிகிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு சின்னக் கொக்கி போட்டு அனுப்புகிறார். போன வாரம் தன் பையனுக்குக் கால்குலேட்டர் வாங்கப் பாரிமுனைக்குப் போகிறேன், எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டார். டப்பாவைப் பிரிக்கச் சொல்லி ரூட், 16, பிளஸ், 9, சமம் அழுத்திப் பாருங்கள், 5 வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியே செய்தாராம். "இன்னா மேடம், கணக்கு டீச்சர்ன்றீங்க, பதினாறும் ஒம்போதும் கூட்டத் தெரியாதா?" என்று கடைக்காரப் பையன் கேட்டானாம்.